லிங்க் உங்களுடையது... நம்பிக்கை அவங்களுடையது! அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில் நேர்மையா சம்பாதிப்பது எப்படி?

'லிங்க் பயோல இருக்கு', 'கமென்ட்ல ஃபர்ஸ்ட் லிங்க்', 'இன்னிக்கு ராத்திரி 12 மணி வரைக்கும்தான் இந்த ஆஃபர்'... ரீல்ஸைத் தள்ளத் தள்ள இந்த மூணு வசனமாவது காதுல விழாம ஒரு நாளும் போறதில்ல. சொல்றவங்களுக்கு இதுல என்ன லாபம்? நாமளும் இப்படிச் சம்பாதிக்க முடியுமா? முடியும். இதுக்குப் பேருதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங்.

ஆனா, லிங்க் போடுற எல்லாருக்கும் காசு வர்றதில்ல. ஒருத்தர் சொன்னா வாங்குறாங்க, இன்னொருத்தர் சொன்னா கடந்து போயிடுறாங்க. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருது, நம்பிக்கையைச் சம்பாதிக்கிறது எப்படி, சட்டம் என்ன சொல்லுது, எங்கெல்லாம் ஏமாற வாய்ப்பிருக்கு... எல்லாத்தையும் பார்த்திடலாம்.

அஃபிலியேட் மார்க்கெட்டிங்னா என்ன?

ஊர்ல வீட்டு புரோக்கர் செய்யுற வேலைதான். வீட்டைக் காட்டுவார், பேச்சு முடிஞ்சா கமிஷன் வாங்குவார். வீடு அவருடையது இல்ல, பத்திரத்துல அவர் பேரும் இருக்காது. ஆன்லைன்ல புரோக்கருக்குப் பதிலா ஒரு லிங்க்.

அமேசான் தன்னுடைய 'அசோசியேட்ஸ்' திட்டத்தை 1996-லேயே அமெரிக்காவில் தொடங்கிடுச்சு. இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பினதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவில் 2024 அக்டோபர்ல யூடியூபும் ஃப்ளிப்கார்ட், மிந்த்ராவோட சேர்ந்து ஷாப்பிங் அஃபிலியேட் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடங்கும்போது 10,000 சப்ஸ்கிரைபர்களுக்கு மேல இருக்கிற சேனல்களுக்குன்னு நிபந்தனை வெச்சிருந்தாங்க.

வேலை செய்யுற விதம் எளிது. திட்டத்துல சேர்ந்ததும் உங்களுக்குன்னு ஒரு அடையாளக் குறியீடு கொடுப்பாங்க. நீங்க உருவாக்குற லிங்க் ஒவ்வொண்ணுலயும் அது ஒளிஞ்சிருக்கும். ஒருத்தர் அதைத் தொட்டதும், 'இவர் இன்னார் மூலமா வந்தார்'னு குறிச்சு வைக்கிற சின்ன ஃபைல் ஒண்ணு அவர் போன்ல பதிவாகும். அதுக்குப் பேரு குக்கீ. குறிப்பிட்ட நேரத்துக்குள்ள அவர் பொருள் வாங்கினா கமிஷன் உங்க கணக்குக்கு வரும். அமேசான்ல இந்த நேரம் பொதுவா 24 மணி நேரம். வேற சில திட்டங்கள்ல 7 நாள், 30 நாள்னு மாறும். வாங்குறவருக்குப் பொதுவா விலை ஏறாது. கம்பெனி தன் விளம்பரச் செலவுல இருந்துதான் உங்களுக்குத் தருது.

எவ்வளவு வரும்? கனவுக் கணக்கு வேண்டாம்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதெல்லாம் எடுத்துக்காட்டுக்கான எண்கள்தான். உங்க வீடியோவை 1,000 பேர் பார்க்கிறாங்க. அதுல 50 பேர் லிங்க்கைத் தொடுறாங்க. அந்த 50 பேர்ல 2 பேர் 4,000 ரூபாய் பொருளை வாங்குறாங்க. கமிஷன் 4 சதவிகிதம்னா, ஒருத்தருக்கு 160 ரூபாய், மொத்தம் 320 ரூபாய். ரெண்டு பேர்ல ஒருத்தர் பொருளைத் திருப்பி அனுப்பிட்டா 160 ரூபாய் கழிஞ்சிடும்.

'அவ்வளவுதானா?'ன்னு தோணும். ஆனா, இந்தக் கணக்குக்குள்ளதான் ரகசியமே இருக்கு. 1,000 பார்வையை 10,000 ஆக்குறதுக்கு நிறைய உழைக்கணும். அதே 50 கிளிக்ல 2 பேருக்குப் பதிலா 6 பேர் வாங்கினா வருமானம் மூணு மடங்கு. திருப்பி அனுப்புறவங்க குறைஞ்சா இன்னும் நல்லது. இந்த ரெண்டையும் முடிவு பண்றது, நீங்க சொன்னதை அவங்க எவ்வளவு நம்புறாங்க, நீங்க சொன்னபடியே பொருள் இருந்துச்சாங்கிறதுதான். அப்படிப் பார்த்தா, இந்தத் தொழில்ல நேர்மையும் வருமானக் கணக்குலயே சேர்ந்துடுது.

நம்பிக்கையை வெச்சு வளர்ந்த ரெண்டு பேர்

பிரிட்டனைச் சேர்ந்த நிதிப் பத்திரிகையாளர் மார்ட்டின் லூயிஸ், 2003-ல ரொம்பக் குறைஞ்ச செலவுல 'மணி சேவிங் எக்ஸ்பர்ட்'ங்கிற இணையதளத்தைத் தொடங்கினார். அதுல கமிஷன் வரும் லிங்க்குகளுக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். கமிஷன் வராத லிங்க்கும் கொடுத்திருப்பாங்க, வேணும்னா அதுல போய் வாங்கிக்கலாம். எது சிறந்ததுன்னு எழுதுறவங்க முதல்ல முடிவு பண்ணுவாங்க, அதுக்கு அஃபிலியேட் லிங்க் கிடைக்குதான்னு அப்புறம்தான் தேடுவாங்க. 2012-ல அந்தத் தளம் 8.7 கோடி பவுண்டு வரையிலான விலைக்கு விற்பனையானது.

அமெரிக்காவில் பிரையன் லாம் 2011-ல தொடங்கின 'வயர்கட்டர்' இன்னொரு உதாரணம். நூறு பொருளை வரிசைப்படுத்தாம, நிறைய பொருளைச் சோதிச்சுப் பார்த்து, 'பெரும்பாலானவங்களுக்கு இது போதும்'னு ஒண்ணைச் சொல்றது அவங்க பாணி. வருமானத்தின் பெரும்பகுதி அஃபிலியேட் கமிஷன்தான். 2016-ல நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்குச்சு.

ரெண்டு பேருமே செஞ்சது ஒண்ணுதான். கமிஷன் வருதுன்னு மறைக்கல, கமிஷனுக்காகத் தீர்ப்பை மாத்தல.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஈபே நிறுவனத்தின் அஃபிலியேட்களில் முதல் இடத்தில் இருந்தவர் ஷான் ஹோகன். யாரும் லிங்க்கைத் தொடாமலேயே, தொட்ட மாதிரி அவங்க கம்ப்யூட்டர்ல குக்கீயைத் திணிச்சு கமிஷன் வாங்கினதா வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2014-ல 5 மாதச் சிறைத் தண்டனை கிடைச்சது.

நம்பிக்கையை எப்படிச் சம்பாதிக்கிறது?

*1. ஏற்கெனவே உங்ககிட்ட எதைப் பத்திக் கேட்குறாங்க?*

ஒவ்வொரு குடும்பத்துலயும் 'எந்த போன் வாங்கலாம்?'னு கேட்க ஒரு ஆள் இருப்பார். வேற ஒருத்தர்கிட்ட சைக்கிள் பத்திக் கேட்பாங்க, இன்னொருத்தர்கிட்ட முகத்துக்குப் போடுற கிரீம் பத்திக் கேட்பாங்க. உங்ககிட்ட எதைக் கேட்குறாங்களோ, அதுதான் உங்க துறை. கமிஷன் அதிகம்னு தெரியாத துறைக்குள்ள போனா, ரெண்டாவது கேள்விக்கே மாட்டிப்பீங்க.

*2. கையில எடுத்துப் பார்க்காம சொல்லாதீங்க*

வெட் கிரைண்டரையே எடுத்துக்குவோம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. தமிழ்ல எழுதுறவங்களுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா? ஆனா, பெரும்பாலான 'ரிவ்யூ'க்கள்ல என்ன இருக்கு? இத்தனை வாட்ஸ், இத்தனை லிட்டர், இந்த நிறம். இது எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கு!

வாங்கப்போறவங்களுக்குத் தெரிய வேண்டியதே வேற. உளுந்து நல்லா பொங்கி வருதா? எத்தனை நிமிஷம் ஆகுது? மாவு சூடாகுதா? ஓடும்போது பக்கத்து ரூம்ல குழந்தை தூங்க முடியுமா? கல்லோட சேர்த்துப் பாத்திரத்தைத் தூக்க 60 வயசு அம்மாவால முடியுமா? கல்லுக்கு அடியில ஒட்டுற மாவைக் கழுவ எவ்வளவு நேரம்? ரிப்பேர்னா சர்வீஸ் சென்டர் உங்க ஊர்ல இருக்கா, இல்ல அடுத்த மாவட்டத்துக்குத் தூக்கிட்டுப் போகணுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, ஒரு தடவையாவது மாவு அரைச்சிருக்கணும். அந்த இட்லியோட போட்டோ ஒண்ணு போட்டா, கம்பெனி தர்ற பத்து போட்டோவைவிட அது நல்லா பேசும்.

'எல்லாத்தையும் காசு போட்டு வாங்க முடியுமா?' முடியாதுதான். வீட்டுல இருக்கிற பொருள்ல இருந்து தொடங்குங்க. நண்பர்கிட்ட ரெண்டு நாள் கடன் வாங்கிப் பாருங்க. பயன்படுத்தாத பொருளைப் பத்திப் பேசினா, 'நான் இதைப் பயன்படுத்தல, விவரங்களை ஒப்பிட்டுச் சொல்றேன்'னு வெளிப்படையா சொல்லிடுங்க.

*3. குறையையும் சொல்லுங்க*

'ப்ளஸ் மட்டும்தான், மைனஸே இல்ல'ன்னு சொன்னா இப்போ யாரும் நம்புறதில்ல. 'சத்தம் கொஞ்சம் அதிகம், ஆனா மாவு அருமை'ன்னு சொன்னா, ரெண்டாவது பாதியையும் நம்புவாங்க. சத்தம் பிரச்னையா இருக்கிறவங்க வாங்க மாட்டாங்க. அது நஷ்டம் இல்ல, திரும்பி வரப்போற ஒரு பார்சல் மிச்சம்.

*4. யாருக்கு வேண்டாம்னு சொல்லுங்க*

'வாரத்துக்கு ஒரு தடவைதான் மாவு அரைப்பீங்கன்னா, இந்தப் பெரிய மாடல் வேண்டாம். வீட்டுல இருக்கிற மிக்ஸியே போதும்.' இப்படி ஒரு வரி சொன்னா அந்த நிமிஷம் கமிஷன் போகும். ஆனா, அவர் அடுத்து ஃபிரிட்ஜ் வாங்கும்போது முதல்ல உங்க பக்கத்தைத்தான் தேடுவார்.

*5. பழைய பதிவுகளைத் திரும்பிப் பாருங்க*

போன வருஷம் நல்லா இருந்த பொருள் இந்த வருஷம் சொதப்பலாம். மாடல் நின்னு போயிருக்கலாம். மூணு மாதத்துக்கு ஒருமுறை பழைய லிங்க்குகளைச் சரிபாருங்க. 'ஆறு மாதம் கழிச்சு இப்போ எப்படி இருக்கு?'ன்னு ஒரு பதிவு போடுங்க. முதல் நாள் பெட்டி பிரிக்கிற வீடியோவை எல்லாரும் போடுறாங்க, இதைப் போட ஆள் கம்மி.

*6. வாங்கின பிறகும் பதில் சொல்லுங்க*

'அண்ணா, நீங்க சொன்னதுதான் வாங்கினேன், மோட்டார் சூடாகுது'ன்னு கமென்ட் வந்தா டெலீட் பண்ணாதீங்க. வாரன்ட்டியை எப்படிப் பயன்படுத்துறது, திருப்பி அனுப்ப எத்தனை நாள் இருக்குன்னு சொல்லுங்க. அதே புகார் நாலு பேர்கிட்ட இருந்து வந்தா, லிங்க்கை எடுத்துட்டு காரணத்தையும் எழுதுங்க. அந்தப் பதிலைப் பார்க்கிறது கமென்ட் போட்டவர் மட்டும் இல்ல, அடுத்து வாங்க யோசிக்கிற எல்லாரும்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

'எனக்கு 800 ஃபாலோயர்ஸ்தான், சட்டமெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு'ன்னு நினைக்காதீங்க. கமிஷன் வர்ற இடத்துல அதைச் சொல்லியாகணும்.

இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் இன்ஃப்ளூயன்சர் விதிமுறைகள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் இருக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன்ல தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களை வெளியிட்டுச்சு. 2023 ஜனவரியில நுகர்வோர் விவகாரத் துறை, இன்ஃப்ளூயன்சர்களுக்குன்னே ஒரு கையேடு கொடுத்தது. சுருக்கமா இவ்வளவுதான்:

* பணம், கமிஷன், இலவசப் பொருள், பரிசு, பயணம்னு எது வாங்கினாலும் அந்தத் தொடர்பைச் சொல்லணும்.
* பார்க்கிறவங்க கண்ணுல படுற இடத்துல சொல்லணும். 20 ஹேஷ்டேக்குக்கு நடுவுல ஒளிச்சு வைக்கக் கூடாது.
* பதிவு எந்த மொழியில இருக்கோ அந்த மொழியில சொல்லணும். தமிழ் வீடியோன்னா தமிழ்ல!
* வீடியோன்னா எழுத்துல மட்டும் இல்லாம, வாயாலயும் சொல்லணும். லைவ்ல தொடர்ந்து தெரியுற மாதிரி இருக்கணும்.
* பரிந்துரைக்கிற பொருளை உண்மையிலேயே பயன்படுத்திப் பார்த்திருக்கணும்.

மீறினா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தா 50 லட்சம் வரை. விளம்பரங்கள்ல தோன்றவே ஒரு வருஷம் வரை தடை போடலாம். அடுத்தடுத்த தப்புக்கு மூணு வருஷம் வரை.

எப்படிச் சொல்றதுன்னு குழப்பமா? இப்படிச் சொல்லுங்க: 'விளம்பரம்: இந்த லிங்க்ல நீங்க வாங்கினா எனக்கு ஒரு சின்ன கமிஷன் வரும். உங்களுக்கு விலை மாறாது. கிரைண்டரை நான் என் காசுல வாங்கி நாலு மாதம் பயன்படுத்தியிருக்கேன்.' மூணே வரி. இதைப் படிச்சிட்டு ஓடுறவங்க ரொம்பக் கம்மி. மறைச்சுப் பின்னாடி தெரிஞ்சா ஓடுறவங்கதான் அதிகம்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் விதிகள் உண்டு

சேரும்போது வர்ற விதிமுறைகளைப் படிக்காம 'ஓகே' அழுத்துறது நம்ம பழக்கம். இங்கே அது கணக்கையே முடக்கிடும். உதாரணமா, அமேசான் விதிகள்படி உங்க லிங்க்ல நீங்களே உங்களுக்காக வாங்கக் கூடாது. சொந்தக்காரங்க, நண்பர்களுக்காக ஆர்டர் போட்டுக் கமிஷன் எடுக்கவும் அனுமதி இல்ல. அவங்க விலை அடிக்கடி மாறுறதால, பதிவுல விலையை எழுதி வைக்கிறதும் சிக்கல்தான். 1,999-னு நீங்க எழுதியிருக்க, உள்ளே போனா 2,499-னு இருந்தா திட்டு வாங்குறது நீங்கதான்!

இந்த லிங்க்குகளைத் தொடவே தொடாதீங்க

கமிஷன் வழக்கத்துக்கு மாறா அதிகமா இருக்குன்னா, ஏன்னு முதல்ல கேளுங்க.

சூதாட்ட ஆப்கள்: பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் தடை செஞ்சிருக்கு. அதை விளம்பரம் செய்யுறவங்களுக்கு 2 வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். 'நான் லிங்க் மட்டும்தான் போட்டேன்'னு சொல்லித் தப்பிக்க முடியாது.

பங்குச் சந்தை டிப்ஸ்: பதிவு பெறாதவங்க முதலீட்டு ஆலோசனை தர்றதையும், லாபத்துக்கு உத்தரவாதம் சொல்றதையும் செபி கடுமையா பார்க்குது. 2024-ல இதுக்காக விதிகளை இறுக்கியிருக்கு.

கடன் ஆப்கள்: ஒரு டவுன்லோடுக்கு நல்ல கமிஷன் வரலாம். ஆனா, கடன் கட்ட முடியாம மிரட்டல் போன் வாங்கப்போறது உங்களை நம்பி வந்த பையனா இருக்கலாம். ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனம் பின்னாடி இருக்கான்னு பார்க்காம பக்கத்துலயே போகாதீங்க.

'கோர்ஸ் வாங்கி, கோர்ஸ் விற்கணும்' திட்டங்கள்: 'அஃபிலியேட் மார்க்கெட்டிங் கத்துத் தர்றோம்'னு சில ஆயிரம் வாங்குவாங்க. உள்ளே போனா, அதே கோர்ஸை நாலு நண்பர்கள் தலையில கட்டினாதான் காசுன்னு தெரியும். கடைசியா சேர்ந்தவருக்கு விற்க ஆளே இருக்காது. ஆள் சேர்த்தா காசுங்கிற பிரமிட் திட்டங்களுக்கு 2021-ல வந்த நேரடி விற்பனை விதிகள் தடை போட்டிருக்கு. சோதிச்சுப் பார்க்க ஒரே கேள்வி போதும்: 'சேர்றதுக்கு நான் காசு கட்டணுமா?' அமேசான் மாதிரியான திட்டங்கள்ல சேர ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்ல.

டெலிகிராம் 'டாஸ்க்' வேலைகள்: 'லைக் போட்டா 50 ரூபாய்'னு தொடங்கி, 'பெரிய டாஸ்க்குக்கு டெபாசிட் கட்டுங்க'ன்னு முடியும். இது அஃபிலியேட் மார்க்கெட்டிங்கே கிடையாது, மோசடி. பணம் போயிருந்தா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.

வரி விஷயம்

கமிஷனும் வருமானம்தான். குறிப்பிட்ட தொகைக்கு மேல போனா கம்பெனியே டிடிஎஸ் பிடிச்சிட்டுத்தான் தரும். கமிஷனுக்கான இந்தப் பிடித்தம் 2024 அக்டோபர்ல 5 சதவிகிதத்துல இருந்து 2 சதவிகிதமா குறைஞ்சது. 2025 ஏப்ரல்ல வரம்பு வருஷத்துக்கு 15,000-ல இருந்து 20,000 ரூபாயா உயர்ந்துச்சு. பான் எண் கொடுக்கலைன்னா பிடித்தம் பல மடங்கு ஏறிடும், அதனால பதிவு செய்யும்போதே சரியா கொடுத்திடுங்க. உங்க மொத்த வருமானம் வரி வரம்புக்குள்ள இருந்தா, கணக்கு தாக்கல் செஞ்சு பிடிச்ச பணத்தைத் திரும்ப வாங்கிக்கலாம். எந்த மாதம் எவ்வளவு வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கிற பழக்கம் இப்பவே நல்லது.

லிங்க் போடுறதுக்கு முன்னாடி 5 கேள்விகள்

1. கமிஷனே இல்லைன்னாலும் இதை நான் சொல்வேனா?
2. என் அம்மா, அக்கா, ரூம்மேட்டுக்கு இதையே வாங்கச் சொல்வேனா?
3. இதோட பெரிய குறை என்னன்னு சொல்லியிருக்கேனா?
4. கமிஷன் வரும்னு தமிழ்ல, கண்ணுல படுற மாதிரி எழுதியிருக்கேனா?
5. பொருள் சரியில்லைன்னு யாராவது கேட்டா, பதில் சொல்ல நான் இருப்பேனா?

அஞ்சுக்கும் 'ஆமா'ன்னா தைரியமா போடுங்க. ஒண்ணு இடிச்சாலும் ஒரு நாள் தள்ளி வைங்க, ஆஃபர் மறுபடியும் வரும்.

நம்ம வீடுகள்ல 4,000 ரூபாய் பொருள்ங்கிறது சிலருக்கு ஒரு வாரச் சம்பளம், சிலருக்கு மூணு மாசம் சேர்த்து வெச்ச காசு. உங்களுக்கு அதுல வர்றது 160 ரூபாய். 'நீ சொன்னேன்னுதான் வாங்கினேன்'னு ஒருத்தர் சொல்றப்போ அது நன்றியா வரணுமா, புகாரா வரணுமான்னு லிங்க் போடுறதுக்கு முன்னாடியே நீங்க முடிவு பண்ணிடலாம்.